சொல்தா வீட்டுக்கு வந்த கோடி

என் அப்பா நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. கல்யாணப் பந்தலோ, கோயில் கூட்டமோ, ஏரித் தண்ணீர்த் தகராறோ, எதுவானாலும் ஓரமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கூட்டம் கலைந்த பிறகு ஒவ்வொருவராகத் தோளில் கைபோட்டு எங்கள் மோட்டார் கொட்டகைப் பக்கம் அழைத்துக்கொண்டு போவார். போனவர் திரும்பும்போது முகம் தெளிந்திருக்கும். அடுத்து அவருடைய எதிராளியை அழைத்துப் போவார். அவர் முகமும் தெளிந்திருக்கும். "சொல்தா மாதிரி ஒரு மனுஷன் வராதுபா, யாரையும் நோவ அடிக்க மாட்டாரு" என்று ஊர் சொல்லும். பாகூர் பக்கத்தில் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவரைச் சொல்தா என்றுதான் சொல்வார்கள். எங்கள் வீடு சொல்தா வீடு, நான் சொல்தா மகள். எனக்கென்று ஒரு பெயர் இருப்பது பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகுதான் பலருக்குத் தெரிந்தது.

ஊர் மெச்சிய அந்த மனிதரைப் பற்றி நான் நல்லபடியாக எழுதப் போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. எனக்கும் அறுபது தாண்டிவிட்டது. வயசானால் கோபம் ஆறிவிடும் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், எனக்கு ஆறவில்லை. பெற்ற தகப்பனைப் பற்றி இப்படியா என்று கேட்பவர்கள் என் அம்மாவின் தலைமாட்டில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

அவர் உண்மையில் யார் என்று எனக்குத் தெரிய வந்தது ஒரு ஹெர்னியா ஆபரேஷனால். அப்போது அவருக்கு எண்பதை நெருங்கும் வயது. நான் திருபுவனையில் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிக்கொடுத்தது உள்ளூரிலேயே, இரண்டு தெரு தள்ளி. ஆகவே ஆஸ்பத்திரி என்றால் நான்தான். லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தேன். கத்திக்குப் பயப்படுகிற ஆள் இல்லை அவர். ஆனால் மயக்க ஊசி என்றதும் முகம் வெளுத்துவிட்டது. "மரத்துப்போற ஊசி மட்டும் போடுங்க டாக்டர், நான் கத்த மாட்டேன்" என்று கெஞ்சினார். டாக்டர் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவர் போனதும் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மயக்கத்துல நான் எதுனா பேசினா நீ மட்டும் பக்கத்துல இரு. நர்ஸ் வேணாம். உங்கம்மாகூட வேணாம்."

"அப்படி இன்னாப்பா பேசப் போற? சின்ன வூடு எதுனா இருக்கா சைகோன்ல?" என்று கிண்டல் செய்தேன்.

அவர் சிரிக்கவில்லை. அந்த மத்தியானம், எதிர்க் கட்டில்காரர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், எனக்குத் தெரியாத ஒரு மனிதனைப் பற்றிச் சொல்வதுபோல் மெல்லச் சொல்லத் தொடங்கினார்.

மீசை முளைக்கிற வயதில் வியட்நாமில் இருக்கிற சைகோனுக்குக் கப்பல் ஏறியவர் அவர். அங்கே நம் பக்கத்து ஆட்கள் வைத்திருந்த துணிக்கடையில் வேலை. சந்தைக்காரிகளோடு பேரம் பேசிப் பேசியே அந்த ஊர் பாஷை நாக்கில் ஒட்டிக்கொண்டது. சண்டை மூண்டதும் பிரெஞ்சுப் பட்டாளம் அவரை எடுத்துக்கொண்டது. துப்பாக்கி பிடிப்பதற்கு இல்லை, பிடித்து வருகிறவர்கள் சொல்வதைப் பிரெஞ்சில் சொல்வதற்கு. காட்டுக்குள் இருந்து பிரெஞ்சுக்காரனோடு சண்டை போட்டவர்களும் சும்மா விடவில்லை. கீரைக்காரி ஒருத்தியிடம் சொல்லி அனுப்பினார்கள், எங்களுக்கும் சேதி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கழுத்து இருக்காது என்று. அப்பா சரி என்றார். சரி என்று சொன்னதைப் பிரெஞ்சு அதிகாரியிடம் போய்ச் சொன்னார். அவன் நல்லது, போய்வந்துகொண்டே இரு, அங்கே நடப்பதை எனக்குச் சொல் என்றான். அதை அப்படியே காட்டுக்காரர்களிடம் போய்ச் சொன்னார். அவர்களும் நல்லது என்றார்கள்.

"ரெண்டு பேருக்கும் நான் பொய்யே சொல்லலமா. உண்மையத்தான் சொன்னேன். எத யாராண்ட எப்ப சொல்றதுன்றதுதான் விஷயம்" என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"நீ எந்தப் பக்கம்பா?"

"அத நெனைக்க எங்க நேரம்? காலையில எழுந்தா உசுரு இருக்கணும். அவ்ளோதான்."

பிறகு ஒரு லாரியைப் பற்றிச் சொன்னார். அது எந்த ரோட்டில் போகிறது என்று காட்டுக்காரர்களுக்குச் சொன்னது அவர்தான். அரிசி லாரி என்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தார்களாம். அதில் சொல்தாக்களும் ஏறிப் போயிருக்கிறார்கள். வழியில் மடக்கினார்கள், ஒருவரும் திரும்பவில்லை. செத்தவர்களில் இரண்டு பேர் நம் பக்கத்துப் பையன்கள். எந்த ஊர், எந்த வீடு என்றும் சொன்னார். நான் அதை எழுதப் போவதில்லை. இரண்டு வீடும் எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் மிதித்தால் போய்விடுகிற தூரம். அந்த வீட்டுக் கல்யாணங்களுக்கு அப்பா தவறாமல் போவார். ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, தாம்பூலம் வாங்கிக்கொண்டு வருவார்.

"அந்த லாரி போனப்புறம் எனக்கு ஜுரம் கண்டுச்சு. நாலஞ்சு நாளு நெனவே இல்ல. வாய் ஓயாம பேசினேனாம். பக்கத்துல ஒருத்தன் இருந்தான். எந்த பாஷையில பேசினேன், அவன் இன்னா கேட்டான், இன்னிய வரைக்கும் எனக்குத் தெரியாது."

"யாருப்பா அது?"

"அது உனக்கு எதுக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஆபரேஷன் முடிந்து மயக்கத்தில் கிடந்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை, குறட்டைதான் விட்டார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் இரக்கம்தான் வந்தது. சின்ன வயசு, அந்நிய ஊர், இரண்டு பக்கமும் கத்தி, நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்றுதான் நினைத்தேன். மூன்று வேளையும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அந்த இரக்கம் ஒரு வருஷம்கூடத் தங்கவில்லை.

அடுத்த வருஷம் அம்மா படுத்துக்கொண்டாள். சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது, இந்த வயதில் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்குச் சாவைப் பற்றிப் பயமில்லை. பூவும் பொட்டுமாகப் போகிறோம் என்று ஒரு திருப்திகூட இருந்தது. ஒன்றே ஒன்றுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. "என் மேல பொறந்த வூட்டுக் கோடி விழாதாடி?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டாள்.

எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண் செத்தால், குளிப்பாட்டிக் கிடத்தியதும் அவள்மேல் முதலில் விழ வேண்டியது பிறந்த வீட்டிலிருந்து வரும் புதுச் சேலை. கோடி என்பது அதைத்தான். அண்ணன் தம்பிகள் அதைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு தெருமுனையில் வந்து நிற்பார்கள். புகுந்த வீட்டார் மேளத்தை அனுப்பி அவர்களை அழைத்து வருவார்கள். அந்தச் சேலை விழாமல் போகிறவளை நாதியற்றவள் என்பார்கள். கணவன், மகள், பேரப்பிள்ளைகள், சொந்த நிலம், மாடிவீடு எல்லாம் இருந்தும் நாதியற்றவள்தான்.

அம்மாவுக்கு ஒரே அண்ணன். வில்லியனூருக்கு அந்தப் பக்கம் உள்ளே தள்ளி ஒரு கிராமம், கரும்பும் நெல்லும் பயிர் வைக்கிற குடும்பம். அவரும் சின்ன வயதில் சைகோனில் இருந்தவர்தான். அங்கே அப்பாவோடு பழகி, ஊர் திரும்பிய பிறகு தங்கையை அப்பாவுக்குக் கட்டிக்கொடுத்தவர். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது மாமா வந்தால் வீடு சிரிக்கும். அதன்பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பிரிந்தது என் மஞ்சள் நீராட்டில். தாய்மாமன் சீர் வரிசையாகத் தட்டுகளோடு வந்து இறங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாப்பாடு முடிந்து ஆண்கள் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா கொஞ்சம் போட்டிருந்தார். "எங்க மாப்ள சைகோன்ல ஜுரத்துல படுத்துக்கினு இன்னா பேச்சு பேசினாரு தெரியுமா? சொன்னா வயிறு வலிக்க சிரிப்பீங்க" என்றார். எல்லோரும் சொல்லு சொல்லு என்றார்கள். அதற்குள் அப்பா எழுந்து வந்து மாமாவின் தோளில் கைபோட்டு வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டார். பெண்கள் கூட்டத்தின் நடுவில் பட்டுப் பாவாடையோடு உட்கார்ந்திருந்த நான் இதைப் பார்த்தேன். அப்போது அதில் எனக்கு எதுவும் தெரியவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து அப்பா இரண்டு வீட்டுக்கும் நடக்கத் தொடங்கினார். எங்கள் பங்காளிகளிடம், சோத்துக்கு இல்லாத வீட்டில் பெண்ணைக் கொடுத்துவிட்டோம் என்று மச்சான் வழியெல்லாம் பேசிக்கொண்டு போனதாகச் சொன்னார். பங்காளிகள் கொதித்தார்கள். இனி அந்த வீட்டோடு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை என்று அறுத்துவிட்டார்கள். பிறகு சமாதானம் பேசுவதாகச் சைக்கிளில் போவதும் வருவதுமாக இருந்தார். ஒருநாள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து அம்மாவிடம் சொன்னார், உன் அண்ணன் திரௌபதியம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துவிட்டான், இனி உன் முகத்தில் விழிக்க மாட்டானாம் என்று.

கற்பூரம் அணைப்பது என்றால் சாமி முன்னால் கற்பூரத்தை ஏற்றி உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்வது. எங்களிடம் அதற்கு மேல் பேச்சில்லை. அப்படிச் சத்தியம் செய்தவரை யாரும் அழைக்கக்கூடாது. அழைத்து, அவர் மனமிரங்கி வந்துவிட்டால், சத்தியம் உடைந்து அந்தப் பாவம் அவர் பிள்ளை குட்டிகளைப் பிடிக்கும். அதனால் உண்மையிலேயே அணைத்தாயா என்று போய்க் கேட்கிற வழக்கமும் இல்லை. அம்மா கேட்கவில்லை. என் கல்யாணத்துக்கு மாமன் இடத்தில் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி நின்றார். அம்மா அன்றைக்கு முழுவதும் அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை.

அம்மா படுத்து இரண்டாவது வாரம் நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மாமா ஊருக்குப் போனேன். வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது என்ற வேகம். மாமா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். யாரோ என்று பார்த்தவர், நான் இன்னார் மகள் என்றதும் கையைக் கழுவாமலே என் கன்னத்தைத் தொட்டார். உள்ளே அழைத்துப்போய் உட்கார வைத்து, மருமகளிடம் காபி போடச் சொல்லி, அதன்பிறகுதான் கேட்டார்.

"பாப்பா எப்படி இருக்கா?"

பாப்பா என்பது என் அம்மா. எழுபது வயசுப் பாப்பா. நான் எல்லாவற்றையும் சொன்னேன், கோடியைப் பற்றியும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வரணும்னுதான் மனசு அடிச்சிக்குது. ஆனா அவ கற்பூரம் அணைச்சிருக்காளே, என் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு. நான் போய் நின்னா அவ சத்தியம் ஒடஞ்சிடும். போற நேரத்துல அந்தப் பாவத்த அவ தலையில கட்டணுமா? உனக்கும் புள்ளைங்க இருக்குதே."

"அம்மா அணைக்கவே இல்லியே மாமா. நீங்க அணைச்சீங்கன்னுதான் அம்மாவுக்குச் சொல்லியிருக்கு."

"நானா? நான் அந்தக் கோயில் வாசப்படி மிதிச்சே எவ்ளோ வருஷம் ஆச்சு. யாரு சொன்னது?"

"அப்பா."

அவர் கையில் ஒட்டியிருந்த தவிட்டைத் துண்டால் துடைத்தார். பிறகு என் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். "மாப்ள அப்படிச் செய்ய மாட்டாரும்மா. சைக்கிள் தேய தேய ரெண்டு வூட்டுக்கும் நடந்தவரு. அவ நான் கொண்டாந்த சீர்த்தட்ட கால்ல தள்ளி வுட்டாள்னு சொல்றப்ப அவரே அழுதாரு. நீ உங்கம்மாவுக்காக நல்ல மனசுல சொல்ற. அதுல தப்பில்ல."

ஒரே பொய். அதை இரண்டு வீட்டிலும் சொல்லியிருக்கிறார். அங்கே அவள் அணைத்தாள், இங்கே அவன் அணைத்தான். இரண்டு பேரும், எதிராளியின் குடும்பத்தைப் பாவம் பிடிக்கக்கூடாதே என்று பயந்துகொண்டு, முப்பது வருஷமாகக் கூப்பிடாமல் இருந்திருக்கிறார்கள். வெறுப்பு இருந்திருந்தால்கூட ஒருநாள் நேரில் போய்ச் சண்டை போட்டிருப்பார்கள். பாசம்தான் அவர்களைக் கட்டிப்போட்டது. அதை அப்பா நன்றாகக் கணக்குப் போட்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் கேட்டதும் பந்தலில் பார்த்ததும் அப்போதுதான் ஒன்றோடொன்று சேர்ந்தன. "சைகோன்ல அப்பாவுக்கு ஜுரம் வந்தப்ப கூட இருந்தது நீங்களா மாமா?"

மாமா முகம் மலர்ந்துவிட்டது. "நான்தான். ஈரத்துணி போட்டுப் போட்டு என் கையே வெறச்சிப் போச்சு. வாய் மூடவே இல்ல மாப்ள. எல்லாம் அந்த ஊரு பாஷ. நான் பட்டாளத்துச் சமையக்கட்டுல அடுப்பு ஊதினவன். உப்பு, அரிசி, மீனு, இதுக்கு மேல ஒரு வார்த்த எனக்குத் தெரியாது. மூக்கால பேசினு, நடுவுல பாட்டு மாதிரி ஒண்ணு. நம்ம பாஷையில ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு, அம்மா தண்ணின்னு. அதச் சொல்லிச் சிரிக்கலாம்னுதான் உன் மஞ்ச தண்ணில வாயெடுத்தேன். வெளிய இட்டுக்கினு போயிட்டாரு."

அவருக்கு ஒன்றுமே தெரியாது. லாரியும் தெரியாது, கீரைக்காரியும் தெரியாது. அந்த ஒன்றுமில்லாததற்குப் பயந்து என் அப்பா ஒரு அண்ணனையும் தங்கையையும் வெட்டிப் போட்டிருக்கிறார். எனக்கு அங்கேயே கத்தி அழ வேண்டும் போல் இருந்தது. காபியைக் குடித்து முடித்தேன். "அவ வாயால ஒரு வார்த்த சொல்லட்டும், போன்ல சொன்னாகூட போதும், நான் ஓடி வரேன். பேத்தி வேற மாசமா இருக்கா, அதான் பயம்மா இருக்கு" என்று மாமா வாசல்வரை வந்து சொன்னார். மருமகளின் நம்பரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லாரி விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

"உங்கப்பா அப்படிச் செய்ய மாட்டாருடி."

"மாமாவே சொன்னாரும்மா, அணைக்கலன்னு."

"சத்தியம் பண்ணவன் வெளிய சொல்லுவானா? என் மேல இருக்கற பாசத்துல மறைக்கிறான். அவன் பேத்தி மாசமா இருக்கான்னு நீயே சொல்ற. இப்பப் போய் நான் கூப்பிடலாமா?"

நான் கேட்கவில்லை. நம்பரைப் போட்டு, மாமா குரல் வந்ததும் போனை அவள் காதில் வைத்தேன். பாப்பா, பாப்பா என்று அந்தப் பக்கம் கூப்பிடுவது எனக்கே கேட்டது. உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அம்மா என் கையைத் தள்ளிவிட்டாள். போன் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. "அவன் குடும்பத்தக் கெடுக்காதடி" என்று அழுதாள். தன் அண்ணனைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு அழுதாள். நான் குனிந்து எடுப்பதற்குள் போன் அணைந்துவிட்டது.

வாசற்படியில் அப்பா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. உள்ளே வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, "இவ எதுக்கு அலையறா, நானே போய் மச்சானைக் கூட்டியாரேன்" என்றார். அம்மாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் என்னவென்று சொல்வது? உங்கப்பா போனா வருவான், உங்கப்பா பேச்ச எவனும் தட்ட மாட்டான் என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். சாயங்காலம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு திரும்பினார். அம்மாவின் தலையைத் தடவி, "எவ்ளோ சொல்லியும் கேக்கலமா. சத்தியம் சத்தியம்ன்றான்" என்றார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் தோட்டத்துக்குப் போய் மாமாவின் மருமகளுக்குப் போன் செய்தேன். "இன்னிக்கா? யாரும் வரலையே அண்ணி" என்றாள். இதைச் சொன்னாலும் அம்மா என்னை நம்பப் போவதில்லை.

வில்லியனூரில் எந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பகலைக் கழித்தாரோ. அம்மா அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணன் வர மறுத்துவிட்டான் என்ற எண்ணத்தோடுதான் அந்த வாரமே போனாள்.

செத்தவளோடு சத்தியமும் போய்விடும் என்பது வழக்கம். அதனால் நான் போனில் சொன்னதும் மாமா புறப்பட்டுவிட்டார். அரக்கு நிறத்தில் புதுச்சேலை, மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் தட்டில் வைத்து, மகனும் மருமகளும் பின்னால் நிற்க, வெயிலில் எங்கள் தெருமுனையில் வந்து நின்றார். அம்மாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியாகிவிட்டது. ஆனால் மேளம் நகரவில்லை. பங்காளிகளில் மூத்தவர், நான் பெரியப்பா என்று கூப்பிடுகிறவர், பந்தலுக்குள் கையை உயர்த்தித் தடுத்துவிட்டார்.

"நம்மள சோத்துக்கு இல்லாத வூடுன்னு சொன்னவன் அவன். மேளம் போவாது. இன்னா நடந்துச்சு, யாரு மேல தப்புன்னு சொல்தா எல்லாருக்கும் முன்னால சொல்லட்டும். அப்புறம் பாக்கலாம்."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு காதாகப் பேசிப் பிழைத்த மனிதர், இப்போது எல்லாக் காதும் இருக்கும் இடத்தில் பேச வேண்டும். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் அவர் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"அந்தச் சேல வரலன்னா சைகோன்ல இருந்து ஆரம்பிச்சு எல்லாத்தையும் நடுத்தெருவுல நின்னு நான் சொல்லுவேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மகளைப் பார்க்கிற பார்வை இல்லை அது, செய்வாளா மாட்டாளா என்று எடை போடுகிற பார்வை. பிறகு தடியை ஊன்றி எழுந்தார். தெருமுனைக்கு நடந்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். மாமாவின் தோளில் கைபோட்டு, காதில் ஏதோ சொன்னார். மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அப்பா திரும்பி நடந்து வந்தார். பந்தலுக்குள் போய்ப் பெரியப்பாவின் காதில் ஏதோ சொன்னார். பெரியப்பா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "அப்படின்னா சரி, மேளம் போவட்டும்" என்றார்.

மேளம் போனது. மாமா தட்டோடு வந்தார். என் அம்மாவின் மேல் பிறந்த வீட்டுக் கோடி விழுந்தது. பெண்கள் எல்லோரும் ஓங்கி அழுதார்கள், நானும் அழுதேன். எப்படியோ விழுந்துவிட்டது என்ற நிம்மதி அந்த அழுகையில் இருந்ததை மறைக்க மாட்டேன்.

காதில் என்ன சொன்னார் என்று கருமாதி அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "பாப்பா கடைசில என்னத்தான் கேட்டாளாமே. அண்ணன மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டுதான் கண்ண மூடினாளாம். மாப்ள சொன்னாரு. அது போதும்மா எனக்கு" என்றார் மாமா. மன்னிப்பதற்கு அவர் என்ன தப்பு செய்தார்? பெரியப்பாவைக் கேட்டேன். "தெருமுனையிலியே உங்கப்பா கால்ல வுழுந்துட்டானாமே, பேசினது தப்புன்னு. அப்புறம் இன்னா, வுட்டுட்டோம்" என்றார். பந்தலுக்குள்ளிருந்து தெருமுனை தெரியாது. அங்கே யாரும் யார் காலிலும் விழவில்லை. செய்யாத குற்றத்துக்கு ஒரு இடத்தில் மன்னிக்கப்பட்டவராகவும் இன்னொரு இடத்தில் காலில் விழுந்தவராகவும் மாமா வீடு திரும்பினார்.

மறுநாள் காலையில் அப்பா மோட்டார் கொட்டகையில் இருந்தார். நெல்லுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. நான் போய் எதிரில் நின்றேன்.

"ஒரு பீடி குடிக்கிற நேரம்தான் ஆச்சு உனக்கு. ரெண்டு காதுல ரெண்டு வார்த்த, முடிஞ்சிபோச்சு. இத அம்மா உசுரோட இருக்கறப்ப ஏம்பா செய்யல? எந்த வருஷம் நெனச்சிருந்தாலும் செஞ்சிருக்கலாமே."

"காரியம் ஆச்சா இல்லையா?" என்றார். "அங்க உண்மையச் சொல்லியிருந்தா சேல வந்திருக்குமா?"

வந்திருக்காது. பங்காளிகள் சாயங்காலம்வரை சண்டை போட்டிருப்பார்கள், அம்மா வெறும் உடம்பாகப் போயிருப்பாள். அது எனக்கும் தெரியும். அந்த ஆத்திரத்தில்தான் மற்றதைச் சொன்னேன், அவரைக் குத்துவதற்காகவே சொன்னேன்.

"நீ எதுக்குப் பயந்தியோ அது அவருக்குத் தெரியவே தெரியாதுப்பா. ஜுரத்துல நீ பேசினது மொத்தமும் அந்த ஊரு பாஷையாம். அவருக்கு ஒரு வார்த்த புரியல. அம்மா தண்ணின்னு மட்டும்தான் தமிழ்ல சொன்னியாம். சும்மா சிரிக்கறதுக்குச் சொல்ல வந்தாரு, அவ்ளோதான். ஒண்ணுமில்லாததுக்கு எங்கம்மாவ இப்படிச் சாவடிச்சிட்ட."

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உடைந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு கணம் ஏதோ தளர்ந்தது போலத்தான் இருந்தது. தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"இத யாரு சொன்னது?"

"மாமாதான் சொன்னாரு."

மெல்லத் தலையை ஆட்டினார்.

"அவன் உன்னாண்ட அப்படித்தான் சொல்லுவான்" என்று சொல்லிவிட்டு, மடையை மாற்றிவிட வயலில் இறங்கினார்.